வாசகர் கேள்வி பதில்: பாரதியோட புதுச்சேரிய எங்கேர்ந்து சுத்த ஆரம்பிக்கறது?

கேள்வி: சார், ரெண்டு பசங்களோட பாண்டிச்சேரி வர்றோம். எல்லாரும் மஞ்சச் சுவரு முன்னாடி நின்னு போட்டோ எடுத்துட்டு பீச்சுல ஐஸ்க்ரீம் தின்னுட்டு வந்துடறாங்க. எனக்கு பாரதியார் இருந்த எடமெல்லாம் பாக்கணும், பசங்களுக்கும் காட்டணும். எங்கேர்ந்து ஆரம்பிக்கறது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை

பதில்: மஞ்சச் சுவருல தப்பு ஒண்ணும் இல்லம்மா, பசங்களுக்குப் புடிக்கும், எடுத்துக்குங்க. ஆனா பாரதிய அங்க தேடாதீங்க. பழைய ஊரை நடுவுல ஒரு பெரிய வாய்க்கால் ரெண்டா வெட்டுது, கடல் பக்கம் வெள்ளைக்காரங்க தெரு, மேற்குப் பக்கம் தமிழாளுங்க தெரு. பாரதி நினைவு இல்லம் வாய்க்காலுக்கு மேற்க இருக்கு, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெரு, நம்பர் 20. மொதல்ல அங்க போங்க. கையெழுத்துப் பிரதி, போட்டோ, பழைய பத்திரிகை எல்லாம் வச்சிருக்காங்க. அரசு நடத்தற எடம், லீவு நாள் விசாரிச்சுட்டுக் கெளம்புங்க.

ஆனா வீட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி தெருவுல கொஞ்சம் நில்லுங்க. ஏன்னா இந்தத் தெருவோட பேரை பாரதியே பாட்டுல எழுதி வச்சிருக்கார். 'பாரதி அறுபத்தாறு'ல வருது பாருங்க, "அன்றொருநாட் புதுவைநகர் தனிலே கீர்த்தி அடைக்கலஞ்சேர் ஈசுவரன் தர்மராஜா என்ற பெயர் வீதியிலோர் சிறிய வீட்டில்"னு. அந்தச் சின்ன வீட்டுல ராஜாராமையர்னு ஒரு நாகப்பட்டணத்துக்காரர், அவங்கப்பா தமிழ்ல மொழிபெயர்த்து வச்சிருந்த உபநிடதத்தைத் திருத்திக் குடுங்கன்னு பாரதியக் கூப்பிட்டிருக்கார், இவரும் போய் உக்காந்திருக்கார், அப்ப உள்ள வர்றார் குள்ளச்சாமி, பாரதி குருவா நெனச்ச ஒரு சாமியார். பாரதி அவர் கையப் புடிச்சுக்கிட்டு நீங்க யாரு, ஞானியா பித்தனா, சொல்லுங்கன்னு கேக்க, அவர் கைய உதறிட்டு ஓட்டம் புடிக்க, இவர் தொரத்திக்கிட்டே போய் கொல்லையில மடக்கறார். பக்கத்து வீடு இடிஞ்சு பாழ்மனையாக் கெடக்கு. குள்ளச்சாமி ஒரு குட்டிச்சுவரைக் காட்டறார், சூரியனைக் காட்டறார், கெணத்துக்குள்ள தெரியற சூரியனைக் காட்டறார், புரிஞ்சுதான்னு கேக்கறார். வேதாந்தம் அது இதுன்னு உரை எழுதினவங்க நெறைய பேரு, எனக்கு அதுல புடிச்சது வேற. தெரு பேரு, சின்ன வீடு, இடிஞ்ச பக்கத்து மனை, கொல்லையில கெணறு, இவ்வளவும் ஒரு ஞானப் பாட்டுக்குள்ள இருக்கு. இப்படி அட்ரஸ் போட்டு எழுதற கவிஞரை வச்சுக்கிட்டு ஊர் சுத்தாம வேற யாரை வச்சுச் சுத்தறது?

உள்ள போனா கண்ணாடிப் பெட்டியப் பாத்துட்டு ஓடி வந்துடாதீங்க, பசங்களக் கூட்டிட்டு ஒரு ஓரமா உக்காந்து குயில் பாட்டோட கடைசிப் பக்கத்தைப் படிச்சுக் காட்டுங்க. கனவெல்லாம் கலைஞ்சு கண்ண முழிச்சா சுத்தி என்ன இருக்குன்னு சொல்றார், "பண்டைச் சுவடி, எழுதுகோல், பத்திரிகைக் கூட்டம், பழம்பாய்". அவ்வளவுதான் சொத்து. அந்தப் பழம்பாயைத்தான் பசங்க மனசுல போட்டு அனுப்பணும்.

மணக்குள விநாயகர் கோயில் வாய்க்காலுக்குக் கெழக்க இருக்கு, எப்படியும் போவீங்க. "நமக்குத் தொழில் கவிதை, நாட்டிற் குழைத்தல்"ங்கற வரி வர்ற விநாயகர் நான்மணிமாலை இந்தப் புள்ளையார் மேலதான். யானை லட்சுமி 2022லயே போயிடுச்சு, யானை பாக்கலாம்னு பசங்ககிட்ட சொல்லி வச்சுடாதீங்க, அப்புறம் அழுவாங்க.

கேள்வி: பாரதி போலீஸுக்குப் பயந்து பாண்டிச்சேரிக்கு ஓடினவர்தானே, வ.உ.சி. மாதிரி ஜெயிலுக்குப் போயிருக்கலாமேன்னு எங்க காலேஜ்ல ஒருத்தர் சொல்றார். அப்படி ஒளிஞ்சிருந்த ஊரை எதுக்குச் சுத்திப் பாக்கணும்?
– ஒரு மாணவர், கும்பகோணம்

பதில்: ஓடி வந்தார்தான் தம்பி, அதை மறைக்க என்ன இருக்கு. 1908ல 'இந்தியா' பத்திரிகைக்கு சட்டப்படி ஆசிரியர்னு பேரு போட்டிருந்த சீனிவாசனைப் புடிச்சு உள்ள போட்டாங்க, அடுத்தது எழுதற ஆளுதான்னு எல்லாருக்கும் தெரியும், நண்பர்கள் புடிச்சுத் தள்ளாத கொறையா ரயிலேத்தி விட்டாங்க. வந்த ஆளு சும்மா இருந்தாரா? அதே வருஷம் அக்டோபர்லயே 'இந்தியா' இங்கேர்ந்து வர ஆரம்பிச்சுடுச்சு. பிரெஞ்சு மண்ணுல அச்சடிச்சு பிரிட்டிஷ் மண்ணுக்கு அனுப்பினாங்க, அவங்க தடை போட்டுப் போட்டு 1910 மார்ச்சோட மூச்சு நின்னுது. காசு வர்ற வழியும் அதோட போச்சு. பாஞ்சாலி சபதம், கண்ணன் பாட்டு, குயில் பாட்டு மூணும் அதுக்கப்புறம் இந்த ஊர்ல எழுதினது. ஜெயிலுக்குப் போயிருந்தா இதெல்லாம் வந்திருக்குமான்னு அந்த சார்கிட்ட கேளுங்க.

இன்னொண்ணு, இங்க நிம்மதியா இருந்தார்னு நெனச்சுடாதீங்க. 1911 ஜூன் 17ந் தேதி மணியாச்சில வாஞ்சிநாதன் திருநெல்வேலி கலெக்டர் ஆஷைச் சுட்டப்புறம் இந்த ஊரு பூரா சி.ஐ.டி. வாசல்ல ஒருத்தன், தெருமுனையில ஒருத்தன், தபால் பிரிச்சுப் படிக்கறதுக்கு ஒருத்தன். பாரதி மாதிரியே இங்க அடைக்கலமா இருந்த வ.வே.சு. ஐயர் வீட்டுக் கெணத்துல யாரோ ஒரு ஜாடியப் போட்டுட்டுப் போயிட்டாங்க, தண்ணி எறைக்கும்போது மேல வந்துது, உள்ள பாத்தா ராஜத்துரோகப் பேப்பருங்க. போலீஸ் சோதனை போட வரும்போது கண்டுபுடிக்கறதுக்குன்னே வச்சது. அரவிந்தர் சொன்ன யோசனைப்படி இவங்களே போய் பிரெஞ்சு போலீஸ்ல சொல்லிட்டாங்க, சூழ்ச்சி புஸ்ஸுன்னு போச்சு. சோதனைக்கு வந்த பிரெஞ்சு நீதிபதி அரவிந்தர் மேஜை மேல கிரேக்கமும் லத்தீனும் இருக்கறதப் பாத்துட்டு மரியாதையாத் திரும்பிப் போனார்னு ஒரு கதையும் உண்டு. அப்புறம் வெளியாளுங்க இங்க இருக்கணும்னா ஊர்ல கௌரவமான அஞ்சு பேரு ஜாமீன் கையெழுத்துப் போடணும்னு சட்டம் வந்துது. கையெழுத்து போட்டாங்களே, அந்த அஞ்சு பேருக்கு ஒரு செல வச்சிருக்கலாம், ஒருத்தரும் வைக்கல.

கேள்வி: பாரதி பூங்காவுல உக்காந்துதான் பாரதி கவிதை எழுதினாரா?
– வாசகர், பரமக்குடி

பதில்: இல்லீங்க. பேரு பின்னால வச்சது. நடுவுல நிக்கற வெள்ளை மண்டபம் ஆயி மண்டபம், மூணாம் நெப்போலியன் காலத்துது, அதுக்கும் பாரதிக்கும் சம்பந்தம் இல்ல. நெழல் நல்லா இருக்கும், கால் வலிச்சா உக்காருங்க.

கேள்வி: குயில் தோப்பு இப்பவும் இருக்கா? போனா மாமரம் பாக்கலாமா? இன்ஸ்டாகிராம்ல தேடினா காஃபி ஷாப்தான் வருது.
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: ஒரு பெரிய மாந்தோப்பை எதிர்பாத்துப் போனா ஏமாந்துடுவீங்க, அதை மொதல்லயே சொல்லிடறேன். ஊருக்கு வடமேற்கால கருவடிக்குப்பம், ஆட்டோல போயிடலாம், சித்தானந்த சாமி கோயில்னு கேட்டா எல்லாருக்கும் தெரியும், அதை ஒட்டின பகுதிதான். கோயிலயும் பாரதி விடல, "சித்தாந்தச் சாமி திருக்கோயில் வாயிலில் தீபவொளி யுண்டாம்"னு பாடியிருக்கார். தோப்பு கிருஷ்ணசாமி செட்டியாரோடது. அவருக்கு வெல்லச்சு செட்டியார்னு செல்லப் பேரு. பாரதிக்கு கையில காசு இல்லாதப்பல்லாம் முகம் கோணாம நின்ன மனுஷங்கள்ல ஒருத்தர்.

குயில் பாட்டைக் கையில வச்சுக்கிட்டுப் போங்க, அதுல வர்ற தோப்புதான் இது. "செந்தமிழ்த் தென்புதுவை யென்னுந் திருநகரின் மேற்கே சிறுதொலைவில் மேவுமொரு மாஞ்சோலை"ன்னு ஆரம்பத்துலயே வழி சொல்லிடறார். அதுக்கு முன்னாடி நாலஞ்சு வரி கடலு. காலைச் சூரியன், நீலக் கடல், வேதம் பாடிக்கிட்டே வந்து கரையத் தழுவற அலை, அப்புறம் ஊரு, அப்புறம் மேற்க தோப்பு. கெழக்கேர்ந்து மேற்க ஒரு மனுஷன் காலங்காத்தால நடந்து போற பாதை அப்படியே வரிசையா இருக்கு, நடந்தவனாலதான் இப்படி எழுத முடியும்னு எனக்குத் தோணும். அந்தத் தோப்புக்கு வேடருங்க பறவை சுட வருவாங்களாம், அவங்க வராத ஒரு நாள்லதான் குயில் பாடுது, அதையும் சொல்லிட்டுத்தான் குயிலுக்கே போறார். அந்தச் சின்ன விவரத்துல எனக்கு ஒரு மயக்கம். தலைக்கு மேல கைது வாரன்ட் இருக்கறவன், வீட்டச் சுத்தி ஆளு நிக்கறவன், வேடர் வராத நாள் பாத்துத் தோப்புக்குப் போறான். பாட்டுல அவர் அப்படிச் சொல்லல, நானாச் சேத்துப் படிக்கறேன், ஒத்துக்கலேன்னா விட்டுடுங்க.

இப்ப அங்க சுத்தி வீடும் கடையும் வண்டிச் சத்தமும்தான். காலையில ஏழு மணிக்குள்ள போங்க. வெயில் ஏறினப்புறம் அந்தப் பக்கம் காத்தே வராது.

கேள்வி: நான் பீச்சுல உக்காந்து பாரதி படிக்கலாம்னு இருக்கேன். "காற்று வெளியிடைக் கண்ணம்மா" தவிர வேற எதப் படிக்கலாம்?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: புயல் பாட்டைப் படிங்க. தூத்துக்குடிக்காரருக்கு அதுதான் ஒத்துவரும்.

மொதல்ல எதையெல்லாம் மனசுலேர்ந்து எடுக்கணும்னு சொல்லிடறேன். காந்தி சிலை கெடையாது, ராக் பீச் கெடையாது, ஐஸ்க்ரீம் வண்டி கெடையாது. பழைய வெளக்குத்தூண் இருந்துது, அது 1836லயே ஏத்தினது. கடலுக்குள்ள நீட்டிக்கிட்டிருந்த இரும்புப் பாலம் இருந்துது, 1866ல கட்டினது, 1952 புயல்ல ஒடஞ்சு போச்சு, அதோட மிச்சம்தான் அலைக்கு நடுவுல கரடுமுரடாத் தெரியுது. கடற்கரையில இப்ப பாக்கறதுல பாரதியும் பாத்ததுன்னா இந்த ரெண்டையும் கடலையும் சொல்லலாம்.

இப்ப பாட்டு. தலைப்புலயே தேதி இருக்கு, 'நள வருஷம் கார்த்திகை மாதம் 8ந் தேதி புதன்கிழமை இரவு, ஒரு கணவனும் மனைவியும்'. இங்கிலீஷ் கணக்குல 1916 நவம்பர் 22. "காற்றடிக்குது, கடல் குமுறுது, கண்ணை விழிப்பாய் நாயகனே"ன்னு பொண்டாட்டி எழுப்பறா. ரெண்டு பேரும் மாத்தி மாத்திப் பேசற பாட்டு, நடுவுல ஒரு வரி வரும், "நேற்றிருந்தோம் அந்த வீட்டினிலே, இந்த நேரமிருந்தால் என்படுவோம்?" மொத நாள்தான் வீடு மாத்தியிருக்காங்க, இல்லேன்னா அவ்வளவுதான். வாடகை வீட்டுல இருந்தவங்களுக்கு இந்த வரி புரியற மாதிரி வேற யாருக்கும் புரியாது. பத்து வருஷமும் ஒரே வீட்டுல இருந்தார்னு நெனச்சு நினைவு இல்லத்தோட நிறுத்திக்கறவங்களுக்கும் இதுலயே பதில் இருக்கு.

புயல் முடிஞ்சப்புறம் எழுதினது 'பிழைத்த தென்னந்தோப்பு'. ஊரு பூரா மரம் சாஞ்சு கெடக்கு, "நாற்றினைப் போலே சிதறி நாடெங்கும் வீழ்ந்தனவே"ங்கறார், ஒரு சின்னத் திட்டுல மட்டும் ஒரு தென்னந்தோப்பு நிக்குது, அது ஏழையோடது, "வறியவனுடைமை, அதனை வாயு பொடிக்கவில்லை." பேப்பர்ல புயல் செய்தி எழுதறவங்க இந்த ரெண்டு பாட்டயும் படிச்சுட்டு வேலைக்கு வரணும்னு ஒரு ரூல் போடலாம். 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் வந்து கடலூரும் புதுச்சேரியும் முறிஞ்சு கெடந்தப்ப இந்த வரிங்கதான் நெறைய பேருக்கு ஞாபகம் வந்துது.

கேள்வி: அரவிந்தர் ஆசிரமம், பாரதிதாசன் வீடு இதையும் இந்த ரவுண்ட்லயே சேத்துக்கலாமா? எங்கப்பாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது.
– ஒரு வாசகி, சேலம்

பதில்: அப்பாவுக்கு முட்டி வலின்னா பாரதிதாசன் வீட்டை வச்சுக்கிட்டு ஆசிரமத்தை விட்டுடுங்க, நான் அப்படித்தான் சொல்வேன். கோவிச்சுக்கறவங்க கோவிச்சுக்கட்டும். காரணம் இருக்கு. அரவிந்தர் 1910 ஏப்ரல் 4ந் தேதி கப்பல்ல வந்து எறங்கினப்ப வரவேத்தவங்கள்ல பாரதியும் ஒருத்தர், மொதல்ல தங்க வச்சது சங்கர செட்டியார் வீட்டு மாடியில. ரெண்டு பேரும் சேந்து ரிக் வேதம் படிச்சாங்க, ஆழ்வார் பாட்டை அரவிந்தர் இங்கிலீஷ்ல பண்றதுக்கு பாரதி ஒதவினார், அது பெரிய உறவு. ஆனா ஆசிரமம்னு ஒண்ணு ஆரம்பிச்சது 1926ல, பாரதி செத்து அஞ்சு வருஷம் ஆச்சு. இப்ப நீங்க கியூவுல நின்னு சமாதி பாக்கற கட்டடத்துக்கு அரவிந்தர் குடி வந்ததே 1922ல. தியானத்துக்குப் போறதுன்னா தாராளமாப் போங்க, பாரதிக்காகப் போகவேண்டாம்.

பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் தெரு, நம்பர் 95. கனகசுப்புரத்தினம்ங்கற வாத்தியார், அதுதான் பாரதிதாசனோட சொந்தப் பேரு, வேணு நாயக்கர் கல்யாணத்துல பாரதி பாட்டைப் பாடறார், பாட்டு எழுதினவரே எதுத்தாப்புல உக்காந்திருக்கார்னு தெரியாது. பழக்கம் அங்க ஆரம்பிச்சது. அப்புறம் ஒரு நாள் பாரதி முன்னாடி எழுதின பாட்டுதான் "எங்கெங்கு காணினும் சக்தியடா", அதை சுதேசமித்திரனுக்கு அனுப்பும்போது 'ஸ்ரீ சுப்பிரமணிய பாரதியின் கவிதா மண்டலத்தைச் சேர்ந்த கனகசுப்புரத்தினம்'னு பாரதியே எழுதி அனுப்பினார். வ.ரா. கதையும் இந்த ஊர்லதான். அரவிந்தரைப் பாக்க வந்த பையன், வழியில பாரதி வீட்டுல நின்னு இங்கிலீஷ்ல பேச ஆரம்பிச்சார், பாரதி உள்ள இருந்த பையனைக் கூப்பிட்டு வந்தவர் இங்கிலீஷ் பேசறார், நீ வந்து பேசுன்னுட்டார். வ.ரா.வுக்கு மூஞ்சி எங்க வச்சுக்கறதுன்னு தெரியல. அரவிந்தர்ங்கற பேருக்காக வந்து பாரதிகிட்ட மாட்டிக்கிட்ட ஆளு, கடைசியில பாரதி வாழ்க்கையவே எழுதினார்.

நாம எப்பவும் பெரிய பேருங்களையே சொல்றோம். பாரதி வீட்டுல வேலை செஞ்ச அம்மாக்கண்ணு பேருலயும் ஒரு பாட்டு இருக்கு, "பூட்டைத் திறப்பது கையாலே, நல்ல மனந் திறப்பது மதியாலே"ன்னு. 1913ல பாரதி பூணூல் போட்டுவிட்ட கனகலிங்கம் இந்த ஊர் தலித் பையன். அவங்க வீடுங்களுக்கு போர்டு கெடையாது.

கேள்வி: எங்க ஊர்லதான் பாரதியப் புடிச்சு ஜெயில்ல வச்சாங்கன்னு பெருமையாவும் சொல்றாங்க, வெக்கமாவும் சொல்றாங்க. புதுச்சேரி டூர்ல கடலூரைச் சேக்கலாமா?
– வாசகர், கடலூர்

பதில்: சேக்கணும் சார். என்னைக் கேட்டா அதுதான் முக்கியமான பகுதி. பிரெஞ்சு புதுச்சேரிங்கறது ஒரே துண்டு நெலம் இல்ல, ஒட்டுத்துணி மாதிரி அங்கங்க துண்டு துண்டா, நடுவுல நடுவுல பிரிட்டிஷ் கிராமம். வடக்க முத்தியால்பேட்டையத் தாண்டினா கோட்டக்குப்பம், அது அந்தக் காலத்துல பிரிட்டிஷ் மண்ணு. இன்னிக்கும் எல்லை எங்கன்னு கண்டுபுடிக்க மேப்பே வேணாம், ஒயின்ஷாப் எங்க முடியுதோ அங்க தமிழ்நாடு ஆரம்பம். பைக்ல போறவங்க கவனிக்காமயே தாண்டிடற அந்த எல்லைக்கோட்டை பாரதியால பத்து வருஷம் தாண்ட முடியல. ஊர்க்காரங்க வேணும், சென்னை வேணும், பத்திரிகை வேணும், எல்லாம் அந்தப் பக்கம். 'வேதபுரம்'னு பேரு மாத்தி இந்த ஊரைப் பத்தி அவர் எழுதினதெல்லாம் படிச்சா பிரியமும் சலிப்பும் கலந்து வரும், குடுகுடுப்பைக்காரன் வந்து "வேதபுரத்தாருக்கு நல்ல குறி சொல்லு"ன்னு ஒடுக்கை அடிக்கறானே, அந்தப் பாட்டுல கிண்டல் பாதி, ஏக்கம் பாதி.

1918 நவம்பர் 11ல உலகப் போர் முடிஞ்சுது. நவம்பர் 20ல பாரதி தெக்க கெளம்பினார், எல்லையத் தாண்டினதும் கடலூர் பக்கத்துல புடிச்சாங்க. டிசம்பர் 14ந் தேதி, நிபந்தனை போட்டு வெளிய விட்டாங்க, நேரா மனைவி செல்லம்மாவோட ஊரான கடையம் போனார். அதனால புதுச்சேரி பஸ் ஸ்டாண்டுல கடலூர் பஸ் ஏறுங்க, ஜன்னல் சீட் புடிங்க, முள்ளோடை வரும்போது முழிச்சிருங்க. நீங்க கடலூர்க்காரர், தெனம் போற வழிதான். இந்தத் தடவை அந்த எல்லைக்காகவே போங்க.

கேள்வி: கைல ஒரு புத்தகம்தான் எடுத்துட்டுப் போக முடியும்னா எது?
– வாசகி, மதுரை

பதில்: முழு கவிதைத் தொகுப்பு. தேர்ந்தெடுத்த கவிதைகள்னு போட்டு விக்கறாங்களே, அதை வாங்காதீங்க, அதுல குள்ளச்சாமியையும் தென்னந்தோப்பையும்தான் மொதல்ல வெட்டுவாங்க. பஸ்ல படிக்க எடம் இருந்தா யதுகிரி அம்மாள் எழுதின 'பாரதி நினைவுகள்' சேத்துக்குங்க, சின்னப் புத்தகம்தான். பாரதியோட நண்பர் மண்டயம் ஸ்ரீநிவாஸாச்சாரியார் பொண்ணு, பாரதி வீட்டுக்குள்ள பாவாடை கட்டிக்கிட்டு ஓடியாடின கொழந்த. செல்லம்மா சமையலுக்கு வச்சிருந்த அரிசிய பாரதி குருவிங்களுக்கு எறைச்ச கதை நமக்கு ரசமா இருக்கும். அந்த வீட்டுல அன்னிக்குச் சோத்துக்கு என்ன பண்ணினாங்கங்கற கவலை அவங்க எழுத்துலதான் தெரியும்.